ஒரே அறை, மூணு நிலை: அக்காவோட டிப்ஸ்

ஒண்ணாவதுல இருந்து மூணாவது வரைக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். ஈராசிரியர் பள்ளின்னா அப்படித்தான். நீ பதறிப்போய் போன் பண்ணினது அதுக்கில்ல. மூணாவது படிக்கிற பையனுக்கு ‘படம்’னு படிக்க வரல, ஒண்ணாவது பொண்ணு பஸ் போர்டைப் படிக்குதுன்னுதானே? சொல்றேன் கேளு.

முதல்ல வகுப்பு நம்பரை மறந்துடு. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததே இதுக்குத்தான். கொரோனாவுல பள்ளி மூடிக் கிடந்தப்ப விழுந்த பள்ளத்தைத் தூர்க்க, 2022 ஜூன் 13-ல நம்ம திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியிலதான் முதலமைச்சர் தொடங்கி வெச்சார். அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை. மூணாவது படிக்கிற பிள்ளையும் அரும்புல இருக்கலாம், அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா அந்தப் பேரைச் சொல்லிப் பிள்ளைங்களைக் கூப்பிடாதே. “அரும்பு பசங்கள்லாம் இங்க வாங்க”ன்னு ரெண்டு நாள் சொன்னா, மூணாம் நாள் பசங்களே அதை வசவாக்கிடுவாங்க. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கலர் பாய் போட்டு, அந்தக் கலரைச் சொல்லிக் கூப்பிடு, போதும்.

முதல் வாரம் பாடம் எடுக்காதே. ஒரு தாள்ல கொஞ்சம் எழுத்து, கீழ சின்னச் சின்னச் சொல், அதுக்குக் கீழ ரெண்டு வாக்கியம், கடைசியில நாலு வரிக் கதை எழுதிக்க. ஒவ்வொரு பிள்ளையா வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படிக்கச் சொல்லு. எங்க திணறுதோ அதுதான் அதோட இடம். ஏன் திணறுதுன்னும் பாரு. எழுத்தே தெரியலயா, எழுத்து தெரிஞ்சும் கூட்டிப் படிக்க வரலயா, எல்லாம் தெரிஞ்சும் கூச்சமா? மூணுக்கும் வைத்தியம் வேற.

நம்ம ஊர்ல நாலாவதா ஒண்ணும் உண்டு. 1960 ஏப்ரல் 1-ல தமிழ்நாட்டோட சேர்ற வரைக்கும் திருத்தணி ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துல இருந்த ஊர். இன்னிக்கும் வீட்டுல தெலுங்கு பேசுற பிள்ளைங்க உன் வகுப்புல இருக்கும். கேள்வி கேட்டா முழிக்குதுன்னு ‘மந்தம்’ பட்டம் கட்டிடாதே. மரம் படத்தைக் காட்டினா ‘செட்டு’ன்னு சொல்லும். “ஆமா கண்ணு, மரம்”னு சேர்த்துச் சொல்லிட்டுப் போயிட்டே இரு. ‘பிடி’யில வர்ற பியும் ‘தம்பி’யில வர்ற பியும் அது காதுக்கு ரெண்டு சத்தம். ஒரே எழுத்துன்னு சொன்னா குழம்பத்தான் செய்யும். விதி சொல்லாம ‘தம்பி, பம்பரம், கொம்பு’ன்னு ம்-க்கு அடுத்து வர்ற சொல்லா நாலைஞ்சு படிக்க வை, தானா பிடிச்சுக்கும். ழ வராம ‘மழை’யை ‘மளை’ன்னு படிச்சா அங்கேயே நிறுத்தித் திருத்தாதே. படிச்சு முடிக்கட்டும், அப்புறம் நாக்கை மடிக்கச் சொல்லித் தரலாம்.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு 247-ஐயும் சார்ட்ல தொங்கவிட்டு ‘அ’வுல இருந்து வரிசையா ஓட்டாதே. ட, ப, ம மாதிரி பெரும்பாலும் நேர்கோடா இருக்குற எழுத்துல தொடங்கு. கைக்கும் சுலபம். ட், ம் மட்டும் சேர்த்தா படம், மடம், பட்டம், மட்டம்னு அந்த வாரமே சொல் படிச்சிடும். ‘எனக்குப் படிக்க வருது’ன்னு ஒரு தெம்பு வரும் பாரு, அது வந்தா பாதி வேலை முடிஞ்சுது.

கொம்பு வர்ற இடம்தான் பெரிய தகராறு. ‘பெ’யில ஒற்றைக்கொம்பு முன்னாடி நிக்குது, சத்தம் பின்னாடி வருது. பிள்ளை இடமிருந்து வலமாப் போய்க் கொம்புலயே முட்டி நிக்கும். பிள்ளையோட விரலாலயே கொம்பை மூடச் சொல்லு. ‘ப’ன்னு படிக்கட்டும். விரலை எடுத்ததும் ‘பெ’. ‘பொ’ன்னா ரெண்டு பக்கமும் ரெண்டு விரல். உகரத்துக்கு இந்த வித்தை பலிக்காது. கு, டு, பு, மு, ஒவ்வொண்ணும் ஒரு வடிவம், தனித்தனியாத்தான் பழக்கணும். அதுக்கு அவசரப்படாதே.

இனி முக்கியமானது. மூணு குழுவுக்கு மூணு பாடம் தயார் பண்ணி உடம்பைக் கெடுத்துக்காதே. பாடம் ஒண்ணு, வேலை மூணு. காவடி எடுத்து மலையேறுற ஒரு சின்னக் கதையை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லு. கதை கேட்க எழுத்து தெரிஞ்சிருக்க வேண்டியதில்லையே. அப்புறம் பிரி. எழுத்து பழகுற பிள்ளைங்க கதைத்தாள்ல ம வர்ற இடமெல்லாம் வட்டம் போடட்டும், மணல் தட்டுல ‘மலை’ எழுதட்டும். அடுத்த குழு மயில், வேல், படி, காவடின்னு அட்டை சேர்த்து ஒரு வரி உண்டாக்கட்டும். நல்லாப் படிக்கிறவங்க தாங்க பார்த்த ஆடிக் கிருத்திகைத் திருவிழாவைப் பத்தி எழுதட்டும். எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம், ‘கிருத்திகை’ன்னு சரியா எழுத நமக்கே ஒரு காலத்துல எவ்வளவு நாளாச்சு!

நீ யாரோட உட்காரணும்? எழுத்து பழகுறவங்களோட, அதுவும் முதல் இருபது நிமிஷம். மத்த ரெண்டு குழுவுக்கும் வேலையைக் கையில கொடுத்துட்டு உட்காரு. நல்லாப் படிக்கிற பொண்ணைத் தினமும் குட்டி டீச்சராக்கிடாதே. வாரத்துல ஒரு நாள் சரி. அதுக்கும் படிக்கப் புதுசா ஒரு புத்தகம் வேணும், நூலக அலமாரிப் பூட்டைத் திற. திட்டத்துக்காக ஆப்ல மதிப்பீடு ஏத்துற வேலையைப் பிள்ளைங்க வீட்டுக்குப் போனதும் வெச்சுக்க.

குழு நிரந்தரமில்ல. இதை மட்டும் விட்டுடாதே. ஆசிரியர் தினம், அதான் நம்ம ஊர்ல பிறந்த ராதாகிருஷ்ணன் பிறந்த நாள், செப்டம்பர் 5 வர்றதுக்குள்ள அதே தாளை வெச்சு மறுபடி பார்த்து ஆளை மாத்து. யாரும் நகரலன்னா பிள்ளையைக் குறை சொல்லாம, நீ கொடுத்த வேலையைப் புரட்டிப் பாரு.

ஆடிக் கிருத்திகை வாரத்துல புது எழுத்து எதையும் ஆரம்பிக்காதே. கோயில் மலை அடிவாரத்துல கடை போடுற வீட்டுப் பிள்ளைங்க அப்ப கடையிலதான் நிக்கும். அந்த வாரம் பழசையே விளையாட்டா ஓட்டு. டிசம்பர் 31 படித் திருவிழாவுக்கும் அதே கணக்கு. திரும்பி வர்ற பிள்ளைகிட்ட “ஏன் வரல”ன்னு கேட்காம, “கடையில என்னென்ன வித்தீங்க”ன்னு கேளு. சொல்றதைப் போர்டுல எழுது, அதுதான் அன்னிக்குப் பாடம்.