பின்தொடர்வோர் கணக்கும் வெற்றியின் கணக்கும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் வற்றல், வடகம், மசாலாப் பொடி தயாரித்து இன்ஸ்டாகிராம் வழியே விற்கும் தொழிலுக்குப் பின்தொடர்வோர் 12,000 பேர் சேர்ந்தும், மாதம் முப்பது ஆர்டரைத் தாண்ட முடியவில்லை. பின்தொடர்வோரை 50,000 ஆக்க என்ன வழி? (வாசகி, இலஞ்சி)

பதில்: கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. பின்தொடர்வோர் என்ற எண், என்றோ ஒருநாள் ஒரு பொத்தானை அழுத்தியவர்களின் கூட்டுத்தொகையே தவிர, இன்று பணம் கொடுத்து வாங்கக்கூடியவர்களின் பட்டியல் அன்று. சிறு வணிகத்துக்கு உரிய அளவு மறுவாங்கல் விகிதம். அதாவது, ஒருமுறை வாங்கிய நூறு பேரில் எத்தனை பேர் தாமாகவே மீண்டும் வாங்கினர் என்பது. இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. வாங்கியவர் பெயர், தேதி, பொருள், யார் சொல்லி வந்தார் என்று ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டு ஆறு மாதம் விடாமல் எழுதிவந்தால் போதும். செங்கோட்டைக்கு அருகே பிரானூரில் உள்ள பார்டர் பரோட்டாக் கடைகள், குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பசியோடு வந்து உண்டவர்கள் தத்தம் ஊரில் போய்ச் சொன்ன சொல்லாலேயே, இன்ஸ்டாகிராம் பிறந்த 2010ஆம் ஆண்டுக்கு முன்பே வெளியூர்களில் பெயர் பெற்றுவிட்டன. நோட்டின் நான்காம் கட்டத்தில் பழைய வாடிக்கையாளரின் பெயர் அடிக்கடி வரத் தொடங்கினால் தொழில் வளர்கிறது என்று பொருள். வராவிட்டால் குறை பொடியில் இருக்கிறதா, பொட்டலத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கேள்வி: பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் பத்தாயிரம் ஃபாலோயர் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? (வாசகர், ஆலங்குளம்)

பதில்: கூடாது. அப்படி விலைக்கு வருபவை பெரும்பாலும் போலிக் கணக்குகளே. இன்ஸ்டாகிராம் நிறுவனம் 2014 டிசம்பரில் போலிக் கணக்குகளை மொத்தமாக நீக்கியபோது பெரும்புள்ளிகளின் எண்ணிக்கையே இலட்சக்கணக்கில் சரிந்தது.

கேள்வி: அருவியில் தண்ணீர் சீறி வரும்போது எடுத்த ரீல்ஸுக்குத்தான் பார்வை அதிகம். குளிக்கத் தடை போட்டிருக்கும் நேரத்தில் அருகே போய் எடுக்க வழி உண்டா? (வாசகர், கடையநல்லூர்)

பதில்: இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று இறங்கிய வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. அதைக் கேட்ட பிறகும் பார்வைக் கணக்கைப் பற்றிப் பேசுவோருக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும் மகள், பதிவுக்கு லைக் குறைந்தால் அன்று சரியாகச் சாப்பிடுவதில்லை. கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாமா? (வாசகி, செங்கோட்டை)

பதில்: பிடுங்க வேண்டாம், அச்சமும் வேண்டாம். லைக் எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021 மே மாதம் முதல் எல்லோருக்கும் தந்திருக்கிறது. அதை மகளின் கையாலேயே போடச் செய்யலாம். தன் படத்தைப் பற்றித் தோழியர் நேரில் சொன்னதைப் பேசத் தொடங்கும் பிள்ளைக்கு எண்ணின் பிடி மெல்லத் தளரும். ஆனால் உணவைத் தவிர்ப்பது வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில் தயக்கம் கூடாது.

கேள்வி: மாதந்தோறும் வீட்டு மாடியில் கம்பராமாயணம் படிக்கும் குழுவுக்கு எட்டுப் பேரே வருகின்றனர், யூடியூபில் ஏற்றிய பதிவுகளை நூறு பேர்கூடப் பார்ப்பதில்லை. நிறுத்திவிடலாமா? (வாசகர், மேலகரம்)

பதில்: குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பது வருந்தத்தக்கது. ரசிகமணி என்று அறியப்படும் டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தம் வீட்டு முற்றத்தில் நண்பர்களைக் கூட்டிக் கவிதை பேசிய அமைப்பே வட்டத்தொட்டி. பின்னர் அவர் குற்றாலத்தில் குடியேறியபோது அந்தக் கூட்டமும் அங்கே தொடர்ந்தது. ராஜாஜியும் கல்கியும் அவ்வீட்டைத் தேடி வந்தனர். பாட்டுக்குப் பதவுரை சொல்லி முடித்துவிடாமல், அதன் தாளமும் உணர்ச்சியும் கேட்பவர் காதில் தங்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்டுவது அவர் முறை. அம்முறைக்கு ஒரு முற்றம் கொள்ளும் ஆட்களே போதும். அவ்வட்டத்திலிருந்து தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் வெளிவந்து, தமிழ்நாட்டுக் கோயில்களையும் கலைகளையும் எளிய தமிழில் எழுதினார், நீதிபதி எஸ். மகராஜன் வெளிவந்து, ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கியதோடு சாகித்திய அகாதெமிக்காகக் கம்பரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் செய்தார். கம்பராமாயணத்தில் பல பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கிய ரசிகமணியின் துணிவைப் புலவர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் மறுத்தவர்களும் கம்பரை மறுபடி ஊன்றிப் படித்தே மறுக்க வேண்டியிருந்தது.

பிரிட்டிஷ் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கை குறித்து முன்வைத்த கருத்து, ஓர் அளவு இலக்காக மாறிவிட்டால் அது நல்ல அளவாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்ற விதியாக இன்று எல்லாத் துறைகளிலும் வழங்குகிறது. மேலகரத்துக் குழு பார்வை எண்ணிக்கையை இலக்காகக் கொண்டால், முதலில் பாடலை ஒரு நிமிடத்துக்கு நறுக்கும், பிறகு கடினமான படலங்களைக் கைவிடும், கடைசியில் கம்பரைப் பற்றிய துணுக்குகளை மட்டும் சொல்லும். பார்வை ஏறும், படிப்பு இறங்கும். எட்டுப் பேரில் இருவரேனும் தாமாக ஒரு பாடலுக்குப் பொருள் காண்கின்றனரா என்பதே அங்கே கேட்க வேண்டியது. குழுவை நிறுத்தக் கூடாது. வேண்டுமானால் கேமராவை நிறுத்தலாம்.

கேள்வி: வெற்றியை அளக்க ஒரே ஓர் அளவுகோல் சொல்ல முடியுமா? (வாசகர், தென்காசி)

பதில்: முடியும்; அது தென்காசியிலேயே கல்லில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், கோயிலுக்குப் பழுது நேர்ந்தால் அதைத் திருத்திக் காக்கப்போகிறவர்களின் அடிபணிவதாகக் கல்வெட்டில் பொறித்துவைத்தான். எத்தனை பேர் தன்னைப் புகழ்ந்தனர் என்று கணக்கெடுக்காமல், தனக்குப் பின் வேலையை ஏற்பவர் யார் என்று அவன் எண்ணினான். பின்னாளில் சிதைந்து மொட்டையாக நின்ற அக்கோயிலின் இராசகோபுரம் 1990இல் மீண்டும் முழுமையாக எழுந்து குடமுழுக்குக் கண்டது. ஆகவே, தம் வேலை நாளை நின்றுபோனால் அதை எடுத்துச் செய்யக்கூடியவர் யார் யார் என்று ஒவ்வொருவரும் தாளில் பெயர் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு பெயரும் வராவிட்டால் இன்றே ஒருவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கத் தொடங்க வேண்டும். பதிவை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.