முதலில் தெருவைப் பார்

அன்புள்ள யாழினி,

உன் கடிதம் கிடைத்தது. லண்டனில், தெற்கு ஹாரோவில் அறை அமைந்துவிட்டது, அக்ஸ்பிரிட்ஜில் வகுப்புகளும் தொடங்கிவிட்டன, சாப்பாடுதான் சரியில்லை என்று எழுதியிருக்கிறாய். போனில் நட்சத்திரம் பார்த்துப் போன கடையில் சாம்பார் இனித்ததாம். இன்னொரு கடையில் எந்தக் கறியைக் கேட்டாலும் ஒரே குழம்பு வந்ததாம். அந்தக் கடைகள் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். நீ தேடுகிற விதத்தை மாற்றிக்கொள், போதும்.

"இந்தியன் ரெஸ்டாரன்ட்" என்று தேடாதே. எந்த வீட்டிலும் இந்தியச் சாப்பாடு என்று ஒன்றைச் சமைப்பதில்லை. பஞ்சாபி வீட்டில் ஒன்று வேகும், குஜராத்தி வீட்டில் வேறொன்று வேகும், நம் வீட்டில் இன்னொன்று. ஆகவே ஒரு வட்டாரத்துக்குப் போனால் அங்கே யார் குடியிருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்று முதலில் தெரிந்துகொள். அவர்கள் வீட்டுச் சமையலை விற்கிற கடைதான் அந்த வட்டாரத்தில் நல்ல கடை. காரணம் எளிது. தன் ஊர்க்காரர்களுக்குச் சமைப்பவர் ருசியில் கைவைக்க முடியாது. சாப்பிட வருகிற ஒவ்வொருவருக்கும் அம்மா கைப்பக்குவம் நாக்கில் இருக்கிறது. ஒரு வாரம் கைமணம் குறைந்தால் மறுவாரம் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

யார் குடியிருக்கிறார்கள் என்பதை மளிகைக் கடை சொல்லிவிடும். சாப்பாட்டுக் கடைக்குள் போவதற்கு முன் அந்தத் தெருவின் மளிகைக் கடைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வா. ஒடியல் மாவும் குரக்கன் மாவும் வறுத்த யாழ்ப்பாணக் கறித்தூளும் மாசிக்கருவாடும் அடுக்கியிருந்தால் அது ஈழத்தமிழர் தெரு. சட்கோரா என்கிற தடித்த தோல் எலுமிச்சையும் உறைபெட்டியில் முழு இலிஷ் மீனும் இருந்தால் சில்ஹெட் வங்காளிகள் பக்கத்தில் இருக்கிறார்கள். பத்துக் கிலோ ஆட்டா மூட்டைகள் வாசல்வரை நின்றால் பஞ்சாபிகள். கறிவேப்பிலை கொத்துக் கொத்தாக, வாடாமல், விலை குறைவாக இருந்தால் தென்னிந்தியர்களோ இலங்கையரோ நிறைய வாங்குகிறார்கள் என்று அர்த்தம். கூடையில் முருங்கைக்காயோடு நிற்கிற ஓர் அம்மாவிடம், "ஆன்ட்டி, இங்கே வெளியே சாப்பிடணும்னா நீங்க எங்கே போவீங்க?" என்று கேள். எந்தச் செயலியும் இவ்வளவு சரியான பதிலைத் தராது.

உன் தெருவிலிருந்தே தொடங்கு. தெற்கு ஹாரோவின் நார்தோல்ட் ரோட்டில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்திருப்பாய். 1983க்குப் பிறகு போரால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்கள் ஹாரோ, வெம்பிளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கங்களில் குடியேறினார்கள். அவர்கள் கடையில் போய் நம் ஊர் சாம்பாரைத் தேடுவதும், கிடைக்காதபோது குறைசொல்வதும் நியாயமில்லை. அது இந்தியச் சாப்பாடே அல்ல, தனிச் சமையல். அங்கே இடியப்பமும் சொதியும் சம்பலும் கேள், புட்டோடு ஆட்டுக்கறி கேள். சாயங்காலம் போனால் கண்ணாடிப் பெட்டியில் றோல்ஸ் சூடாக இருக்கும். கொத்துரொட்டி போடுகிற கடையை வெளியே நின்றே எடைபோடலாம். தட்டையான இரும்புத் தகடுகள் இரண்டும் கல்லில் விழும் சத்தம் விடாமல் கேட்டால், ஒவ்வொரு தட்டும் அப்போதைக்கப்போது போடப்படுகிறது. சத்தமே இல்லாமல் கொத்துரொட்டி மேசைக்கு வந்தால் அது முன்பே கொத்தி வைத்துச் சூடாக்கியது. இடியப்பத்தை விரலால் பிரித்துப் பார். இழை இழையாகப் பிரிந்து மென்மையாக இருந்தால் காலையில் பிழிந்தது. விளிம்பு விறைத்திருந்தால் நேற்றையது.

அடுத்து நீ போகவேண்டியது வெம்பிளியின் ஈலிங் ரோடு. அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் அங்கே சேலை வாங்கப் போகிறார்கள், சாப்பிடாமல் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தெருவில் இருக்கும் குஜராத்திகளில் பெரும்பாலோர் நேரே குஜராத்திலிருந்து வந்தவர்கள் அல்ல. அவர்களுடைய தாத்தாக்கள் வியாபாரத்துக்காகக் கிழக்கு ஆப்பிரிக்கா போனவர்கள். 1960களின் கடைசியில் கென்யாவில் நெருக்கடி வந்தது. 1972இல் உகாண்டாவில் இடி அமீன், ஆசியர்கள் தொண்ணூறு நாளில் வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார். உகாண்டாவிலிருந்து மட்டும் சுமார் 28,000 பேர் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். சொத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் சமையலைக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் ஈலிங் ரோட்டில் டோக்ளா, காண்ட்வி, கச்சோரி பக்கத்தில் மோகோவும் இருக்கிறது. மோகோ என்பது நம் மரவள்ளிக்கிழங்கு. விரல்விரலாக நறுக்கிப் பொரித்து, மிளகாயும் பூண்டும் எலுமிச்சையும் சேர்த்துப் புரட்டித் தருவார்கள். அகமதாபாத்தில் சுற்றினால் இது கிடைக்காது. மொம்பாசாவிலும் கம்பாலாவிலும் வாழ்ந்த குஜராத்திகளின் பண்டம் இது. மோகோ வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மாவாகவும் இருக்கவேண்டும். நார் பல்லில் சிக்கினால் கிழங்கு பழையது.

அந்தத் தெருவில், கடலைமாவில் ஆவியில் வேகவைக்கும் டோக்ளாவை அளவுகோலாக வைத்துக்கொள். அழுத்தினால் அமுங்கி மீண்டும் எழவேண்டும், தாளித்த கடுகு மேலே பளபளக்கவேண்டும், தொண்டையில் அடைக்கக்கூடாது. டோக்ளா சரியாக இருக்கிற கடையில் மற்றவற்றையும் நம்பிச் சாப்பிடலாம். ஜனவரி வாக்கில் போனால் உந்தியு கேள். பச்சைக் காய்களும் கிழங்கும் வெந்தயக்கீரை உருண்டையும் சேர்த்துச் செய்யும் குளிர்காலக் கூட்டு அது. உத்தராயணத்தை ஒட்டித்தான் நன்றாக இருக்கும். வெங்காயம், பூண்டு சேர்க்காத ஜைனச் சமையலும் அங்கே பல கடைகளில் உண்டு. உன் தோழிகளில் அப்படிச் சாப்பிடுபவர் இருந்தால் அழைத்துப் போ.

பஞ்சாபிச் சாப்பாட்டுக்கு சவுத்தால். அக்ஸ்பிரிட்ஜில் பஸ் ஏறினால் நேரே பிராட்வேயில் இறங்கலாம். ஸ்டேஷன் பெயர்ப்பலகையே பஞ்சாபி எழுத்தான குர்முகியிலும் எழுதியிருக்கும். 1950களில் வூல்ஃப் ரப்பர் தொழிற்சாலை வேலைக்கு வந்த பஞ்சாபிகளிலிருந்து வளர்ந்த ஊர் அது. அங்கே ஆப்பிரிக்கா வழியாக வந்தவர்களும் உண்டு. 1975இல் தொடங்கிய "பிரில்லியன்ட்", நைரோபியில் ஓட்டல் நடத்திய குடும்பத்தின் கடை. ஆனால் எந்தக் கடைக்கும் போவதற்கு முன் நீ ஸ்ரீ குரு சிங் சபா குருத்வாராவுக்குப் போகவேண்டும் என்பது என் கண்டிப்பான யோசனை. தலையை மூடிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு லங்கர் என்கிற பொதுப்பந்தியில் உட்கார். யாருக்கும் அங்கே சாப்பாடு உண்டு, காசில்லை. முடிந்தால் பிறகு ரொட்டி போடவோ தட்டுக் கழுவவோ கொஞ்ச நேரம் நில். அங்கே கிடைக்கிற பருப்பில் கிரீமும் இல்லை, நிறமும் இல்லை. நேரமெடுத்துக் குழைய வேகவைத்துத் தாளித்த பருப்பு. அந்த ருசி நாக்கில் பதிந்துவிட்டால், எந்தக் கடை பருப்பை வேகவைக்கிறது, எது வெண்ணெயைக் கொட்டி மறைக்கிறது என்று உனக்கே தெரிந்துவிடும்.

இனி, நீ குறைபட்டுக்கொண்ட அந்த "ஒரே குழம்பு" கடை. பிரிட்டனில் இந்தியக் கடை என்று பெயர் வைத்திருப்பவற்றில் பெரும்பகுதியை நடத்துகிறவர்கள் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களில் முன்னோடிகள் கப்பலில் வேலை செய்து லண்டன் துறைமுகத்தில் இறங்கியவர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குண்டுவீச்சில் சிதைந்த சிறு கடைகளை எடுத்துச் சரிசெய்து, மதுக்கடை மூடிய பிறகும் இரவில் திறந்துவைத்து, வெள்ளைக்கார வாடிக்கையாளருக்குப் பிடித்த வகையில் ஒரு புதிய சமையலையே உண்டாக்கினார்கள். வெங்காயத்தை இஞ்சி பூண்டோடு வேகவைத்து அரைத்த பொதுக் குழம்பு ஒன்று பெரிய பாத்திரத்தில் தயாராக இருக்கும். காரமில்லாவிட்டால் கோர்மா, காரமென்றால் மெட்ராஸ், அதற்கும் மேலே விண்டாலூ. அந்த "மெட்ராஸ்" கறியைச் சென்னையில் தேடினால் கிடைக்காது. கோவாவின் விண்டாலூவோ வினிகரும் பூண்டும் ஊறிய பன்றிக்கறி. 2001இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ராபின் குக், இந்தக் கடைகளில் விற்கும் சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் தேசிய உணவு என்றே பேசினார். நம் பிள்ளைகள் இந்தக் கடைகளை ஏளனம் செய்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்நிய நாட்டில் ராத்திரி முழுக்க அடுப்படியில் நின்று ஒரு தலைமுறை பிள்ளைகளைப் படிக்கவைத்த கடைகள் அவை. அங்கே போனால் அங்கே நன்றாகச் செய்வதைச் சாப்பிடு. தந்தூர் அடுப்பிலிருந்து அப்போது எடுத்த நான் ரொட்டியும் டிக்காவும் கேள். கடையில் கூட்டம் குறைவான நேரத்தில் போனால், "நீங்கள் உங்களுக்கு என்ன சமைத்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டுப் பார். சட்கோரா போட்ட மாட்டுக்கறியோ மீன் குழம்போ வெளியே வரலாம். அது மெனுவில் இருக்காது.

மெனுவை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறாய். தோசை, பட்டர் சிக்கன், நூடுல்ஸ், பீட்சா எல்லாம் ஒரே அட்டையில் இருந்தால் எழுந்து வந்துவிடு. சின்ன அடுப்படி அத்தனையையும் புதிதாகச் செய்ய வழியில்லை. இணையத்தில் கருத்துகளைப் படித்தால் நட்சத்திரத்தை விட்டுவிட்டு, எழுதியவர் என்ன சாப்பிட்டார் என்று பார். தோசைக் கடையில் மேங்கோ லஸ்ஸியைப் புகழ்ந்தவர் சொல்வது உனக்கு உதவாது. தென்னிந்தியக் கடையென்றால் முதல் தடவை சாதா தோசை மட்டும் கேள், மசாலா வேண்டாம். லண்டன் குளிரில் மாவைப் புளிக்கவைக்கக் கவனம் வேண்டும், வெதுவெதுப்பான இடம் பார்த்து வைக்கவேண்டும். சாதா தோசையில் லேசான புளிப்பும் நடுவில் சின்னச் சின்னக் கண்களும் இருந்தால் அந்தக் கவனம் இருக்கிறது. தட்டையாக, வாசனையே இல்லாமல் இருந்தால் இல்லை. ரசம் கேட்டு, குடித்துப் பார். ரசத்தில் எதையும் மறைக்கமுடியாது. ஞாயிறு மதியம் பாட்டி, பேரன் எல்லாருமாகக் குடும்பங்கள் வருகிற கடையை நம்பு.

ருசியோடு சுத்தத்தையும் பார். அரசின் உணவுச் சுகாதார மதிப்பெண் 0 முதல் 5 வரை. உள்ளாட்சி ஆய்வாளர் தருவது. இங்கிலாந்தில் அதை வாசலில் ஒட்டவேண்டும் என்ற கட்டாயமில்லை, ஆனால் உணவுத்தர முகமையின் தளத்தில் எந்தக் கடைக்கும் பார்க்கலாம். உணவைக் கையாளும் முறை, கட்டடத்தின் சுத்தம், நிர்வாகம் மூன்றையும் சேர்த்துப் போடும் எண் அது. பதிவேடு சரியில்லாமல் 3 வாங்கிய குடும்பக் கடை இருக்கலாம். 0, 1 என்றால் எவ்வளவு ருசி என்றாலும் போகாதே. இன்னொன்று, உனக்கு முந்திரி ஒத்துக்கொள்ளாது என்பதை ஒவ்வொரு தடவையும் சொல். கோர்மாவிலும் பல வெள்ளைக் குழம்புகளிலும் முந்திரியோ பாதாமோ அரைத்திருப்பார்கள். விலை குறையவேண்டும் என்று பாதாம் தூளில் வேர்க்கடலை கலப்பதும் நடந்திருக்கிறது. ஒவ்வாமை தரும் 14 பொருள்களைப் பற்றிக் கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லவேண்டும் என்பது சட்டம். "தெரியாது, கொஞ்சம்தான் இருக்கும்" என்றால் அங்கே சாப்பிடாதே. பில்லில் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் அது பெரும்பாலும் விருப்பத்தொகைதான். 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுக்க ஊழியர்களுக்கே போகவேண்டும். நன்றாகப் பரிமாறினால் மனதோடு கொடு.

ஈஸ்ட் ஹாமும் டூட்டிங்கும் உனக்குத் தொலைவு. விடுமுறையில் போ. ஈஸ்ட் ஹாமில் தமிழ்க் கடைகளும் மலையாளக் கடைகளும் அடுத்தடுத்து இருக்கும். டூட்டிங்கில் 1973இல் தொடங்கிய "ஸ்ரீகிருஷ்ணா" லண்டனின் பழைய தென்னிந்தியக் கடைகளில் ஒன்று.

வருகிற சனிக்கிழமை ஈலிங் ரோட்டுக்குப் போ. தெற்கு ஹாரோவில் பிக்கடில்லி லைன் ஏறினால் ஆல்பர்ட்டன் மூன்றாவது ஸ்டேஷன். தனியாகப் போகாதே, இரண்டு தோழிகளைச் சேர்த்துக்கொள். மூன்று பேர் என்றால் ஆறு பண்டம் ருசி பார்க்கலாம். என்ன சாப்பிட்டாய், எது நன்றாக இருந்தது என்று எழுது.

அன்புடன்,
மாமா