புயல் அடிச்சா தவணை நிக்கும்!

உலக வங்கியில ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டுன்னு நினைச்சா, அது தப்பு மக்களே. அங்கே பங்குக்கு ஏத்த மாதிரிதான் ஓட்டு. அமெரிக்கா கையில் சுமார் 16 சதவீதம். கரீபியன் கடலில் இருக்கிற கிரெனடாவுக்கு 0.1 சதவீதம்கூடக் கிடையாது. மக்கள்தொகையே ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். இயக்குநர் குழுவில் தனி நாற்காலியும் இல்லை. கனடா, அயர்லாந்து, பக்கத்துத் தீவுகள் எல்லாரோடும் சேர்ந்து ஒரே நாற்காலி.

இவ்வளவு சின்ன நாட்டின் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து, பின்னாடி உலக வங்கி வரைக்கும் போச்சு. எப்படின்னு பார்ப்போம்.

2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளி கிரெனடாவைத் தாக்கியது. பத்து வீட்டுக்கு ஒன்பது வீடு சேதம். மொத்த இழப்பு, அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல் சுமார் இரண்டு மடங்கு! ஆனா புயலுக்காகக் கடன் தவணைத் தேதி தள்ளிப் போகுமா? போகாது. வீட்டையும் கட்டணும், தவணையும் கட்டணும். 2013ல் மறுபடியும் தவணை கட்ட முடியாம நின்னுச்சு.

2015ல் கடனை மாற்றி எழுதும்போது, கிரெனடா ஒரு ஷரத்தைச் சேர்க்க வைத்தது: பெரிய புயல் வந்தால் தவணை தற்காலிகமாக நிற்கும்.

சரி, "பெரிய புயல்"னு யார் முடிவு பண்றது? இங்கேதான் நம்ம இன்ஜினியரிங் வருது. கரீபியன் நாடுகள் 2007ல் சேர்ந்து தொடங்கிய ஒரு பேரிடர்க் காப்பீட்டு நிதியம் இருக்கு. அவங்க வீடு வீடாப் போய்ச் சேதம் எண்ணுவதில்லை. காற்றின் வேகம், புயலின் பாதை போன்ற தரவுகளை ஒரு மாடலில் போட்டு இழப்பைக் கணக்கிடுவாங்க. அந்தக் கணக்கு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஷரத்தைப் பயன்படுத்தலாம். புதுசா பேரம் பேசத் தேவையில்லை.

2024 ஜூலை 1, பெரில் சூறாவளி. கிரெனடாவின் காரியாகோ தீவு நொறுங்கியது. காப்பீடாக 4 கோடி டாலருக்கு மேல் வந்தது. கூடவே ஷரத்தும் வேலை செய்தது: கடன் பத்திரத்துக்கு 2024 நவம்பரிலும் 2025 மே மாதத்திலும் கட்ட வேண்டிய தவணைகள் தள்ளிப்போயின.

இதே மாதிரி ஷரத்தை பார்படாஸ் 2018 முதல் தன் கடன் பத்திரங்களில் சேர்த்தது. 2022ல் அதன் பிரதமர் மியா மோட்லி இதை உலக மேடைக்கே கொண்டுபோனார். 2023 ஜூனில், சிறிய நாடுகளுக்கான தன் கடன்களிலும் இப்படி ஒரு வசதி தருவதாக உலக வங்கி அறிவித்தது.

ஒண்ணு கவனிங்க. இது தள்ளிவைப்புதான், தள்ளுபடி இல்லை. வட்டி அசலோடு சேரும். ஷரத்து இல்லாத பழைய கடனுக்கு இது பொருந்தவும் பொருந்தாது. ஆனா புயல் அடித்த மறுவாரம் கையில் இருக்கிற காசு, கடன்காரருக்குப் போகாமல் கூரைக்கும் குடிநீருக்கும் போகும்.

ஃபியூஸை வீடு தீப்பிடிச்ச பிறகு யாரும் மாட்டுறதில்லை, வயரிங் போடும்போதே வைக்கிறோம். கடன் ஒப்பந்தத்துக்கும் அதே விதிதான். ஓட்டு குறைவா இருந்தாலும், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அதை எழுத வைக்க முடியும்னு கிரெனடா காட்டியிருக்கு.