கருவாடு ஏன் வியர்க்கிறது?

மழைக்காலத்தில் உங்கள் வீட்டுக் கருவாட்டுப் பானையைத் திறந்து பாருங்கள். சித்திரை வெயிலில் கட்டைபோல் விறைத்திருந்த கருவாடு, ஐப்பசியில் நசநசவென்று ஈரமாகியிருக்கும். பானைக்குள் மழை பெய்யவில்லையே, நீர் எங்கிருந்து வந்தது?

முண்டியம்பாக்கம் கடலிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. பனிக்கட்டி வசதி பரவுவதற்கு முன், இத்தகைய ஊர்களுக்குக் கடல் மீன் பெரும்பாலும் கருவாடாகவே வந்து சேர்ந்தது.

மீனின் எடையில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவிகிதம் நீர். மீனை அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் வளர இந்நீரே காரணம். நெத்திலி மெல்லியது, வெயிலில் அப்படியே காய்ந்துவிடும். சுறா போன்ற பெரிய மீனில் உள்ளிருக்கும் நீர் மேற்பரப்புக்கு வந்தாக வேண்டும். தடிப்பு இரு மடங்கானால் இதற்கான நேரம் சுமார் நான்கு மடங்காகும். அதற்குள் மீன் கெட்டுவிடும். எனவேதான் குடலை நீக்கி, கீறி, உப்பிடுகிறார்கள்.

திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளங்களில் விளைவது போன்ற கல்லுப்பு இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, சவ்வூடு பரவலால் தசையிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது. இரண்டாவதாக, எஞ்சிய நீரில் கரைந்து, நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கிறது. 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் உப்பு கரைந்தால் அது தெவிட்டிய கரைசல். நீர் இருந்தும், பெரும்பாலான பாக்டீரியாக்களால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தெவிட்டிய உப்புக் கரைசலின் ஆவி அழுத்தம், அதே வெப்பநிலையில் தூய நீரின் ஆவி அழுத்தத்தில் சுமார் 75 சதவிகிதமே. ஆகவே காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவிகிதத்துக்குக் குறைந்தால் கருவாடு நீரை இழக்கும். மிகுந்தால் காற்றிலுள்ள நீராவியை ஈர்க்கும். நம் கடலோர மாவட்டங்களில் மழைக்காலத்தில் ஈரப்பதம் இந்த எல்லையைத் தாண்டுவது சாதாரணம். அந்த நீரே கருவாட்டின் 'வியர்வை'. அதனால் உப்புக் கரைசல் நீர்த்துப்போகிறது. பூஞ்சைக்கு வழி பிறக்கிறது.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? நன்கு காய்ந்த கருவாட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். மணலில் பரப்புவதைவிடப் பந்தலில் காயவைத்தால் இரு பக்கமும் காற்றுப்படும், மண்ணும் ஒட்டாது. பூஞ்சை படர்ந்ததையும், உப்பை விரும்பும் நுண்ணுயிரிகளால் செந்நிறம் படிந்ததையும் உண்ணக் கூடாது. கெட்டுப்போகத் தொடங்கிய மீனை உப்பிட்டுக் காப்பாற்ற முடியாது. சிலவகை மீன்களில் அப்போது உண்டாகும் ஹிஸ்டமின் என்னும் பொருள் கொதிக்க வைத்தாலும் அழியாது. சமைக்குமுன் கருவாட்டை நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால் உப்பில் ஒரு பகுதி வெளியேறும். ஆயினும் இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அளவோடுதான் உண்ண வேண்டும்.

ஒரு சோதனை: தூள் உப்பையும் கல்லுப்பையும் இரு தட்டுகளில் திறந்து வையுங்கள். வானிலை அறிக்கையில் வரும் ஈரப்பதத்தை நாள்தோறும் குறித்து வாருங்கள். எது முதலில் கசிகிறது? கல்லுப்பில் சிறிதளவு மக்னீசியம் குளோரைடும் உண்டு என்பதை நினைவில் கொண்டு, விடையை நீங்களே கண்டுபிடியுங்கள்.