ஜப்பானியப் பாடசாலைக்கு எதைக் கொண்டு செல்வோம்?

மாணவர் பரிமாற்றப் பயணம் என்றதும் விமானமும் புகைப்படங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பரிமாற்றம் என்ற சொல்லிலே வாங்குதலோடு கொடுத்தலும் அடங்கியுள்ளது. ஜப்பானிய உயர்நிலைப் பாடசாலைக்குச் செல்லும் மலையக மாணவி எதைப் பெற்று வரலாம், இங்கிருந்து எதைக் கொண்டு செல்ல வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2007 ஆம் ஆண்டு ஜப்பானிய அரசாங்கம் 'ஜெனசிஸ்' என்னும் இளைஞர் பரிமாற்றத் திட்டத்தை ஆரம்பித்தது. ஆண்டுக்குச் சுமார் 6000 இளைஞர் என்ற அளவில் ஐந்தாண்டுகளுக்கு அது திட்டமிடப்பட்டது. பிற்பட்ட கட்டங்களிலும் அது தொடர்ந்தது. சார்க் நாடுகளோடு இலங்கை மாணவரும் இதில் சென்று வந்துள்ளனர். 2018 இல் தொடங்கிய 'ஆசியா ககேஹஷி' திட்டமோ ஆசிய மாணவர்களைப் பல மாதங்கள் அங்குள்ள பாடசாலைகளிலேயே படிக்க வைத்தது. 'ககேஹஷி' என்றால் பாலம். பாலத்துக்கு இரு கரைகள் வேண்டுமல்லவா?

முதலில் அவர்கள் கரையைப் பார்ப்போம். ஜப்பானில் ஆரம்பக் கல்வி ஆறு ஆண்டுகள், கனிஷ்ட நிலை மூன்று ஆண்டுகள், உயர்நிலை மூன்று ஆண்டுகள். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. மாணவரே வகுப்பறையைச் சுத்தம் செய்வதைப் பலரும் வியந்து பேசுவர். காலையில் விளக்குமாறு எடுத்துப் பழகிய நமக்கு அது புதிதன்று. பாடம் முடிந்த பின் நடைபெறும் கழகச் செயற்பாடுகளே நாம் கவனிக்க வேண்டியவை. விளையாட்டு, இசை, எழுத்தணி எனப் பல கழகங்கள் உண்டு. அங்கும் 'ஜுக்கு' எனப்படும் தனியார் வகுப்புகள் இருக்கின்றன. ஆயினும் பரீட்சைக்கு வராத ஒன்றுக்காக மாணவர் நாள்தோறும் நேரம் ஒதுக்குகின்றனர்.

அக்கழகங்களுள் ஒன்று தேநீர்க் கலைக்குரியது. அங்கே ஒரு மாணவி பச்சைத் தேநீர்க் கிண்ணத்தை நம்மிடம் நீட்டி, "உங்கள் ஊரும் தேயிலை ஊர்தானே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தேயிலை மலைகளைப் பார்த்தே வளர்கிறோம். பார்ப்பது வேறு, அறிவது வேறு.

அவர்களின் பச்சைத் தேயிலையும் நமது கறுப்புத் தேயிலையும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. ஜப்பானில் பறித்த கொழுந்தை உடனே நீராவியில் அவிப்பதால் பச்சை நிறம் நிலைக்கிறது. நமது தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்துப் பின்னர் உலர்த்துவதால் அது கறுக்கிறது. ஷிசுவோக்கா போன்ற இடங்களில் வசந்த காலத்தின் முதற்கொழுந்து பெரிதும் விரும்பப்படுகிறது. அங்கு இயந்திரத்தால் வெட்டுவதே அதிகம். நம் மலைகளிலோ ஆண்டு முழுவதும் பெண்களின் விரல்கள் கொழுந்து கிள்ளுகின்றன.

வரலாறும் வேறுபடுகிறது. 12 ஆம் நூற்றாண்டின் இறுதியில் எய்சாய் என்னும் துறவி சீனாவிலிருந்து கொண்டுவந்த விதைகளால் ஜப்பானில் தேநீர்ப் பழக்கம் பரவியது. இலங்கையில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் வர்த்தகப் பயிராகத் தேயிலையை நட்டார். அதை வளர்த்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை கிடைத்தது.

நகர்ப்புற முஸ்லிம் குடும்பங்களான நம்மிற் பலர் தேயிலை பறித்தவர்களல்லர். நமது கடைகளோ தோட்டத்து மக்களின் சம்பள நாளை நம்பியே நடக்கின்றன. ஆகவே அந்நிய நாட்டில் "எங்கள் தேயிலை" என்று பெருமையோடு சொல்லும்போது அது யாருடைய உழைப்பு என்பதையும் சொல்வது நமது கடமையாகும். அதைச் சொல்லாமல் வருவது அரைகுறைப் பரிமாற்றமே.

பெற்றோரின் தயக்கமும் நியாயமானதே. உணவு, தொழுகை, உடை ஆகியவை பற்றிக் கேட்காத உம்மா யார்? அதற்கு விடை அச்சமன்று, ஆயத்தமே. அங்கு உயர்நிலை மாணவர் பலர் 'பென்டோ' என்னும் பகலுணவுப் பெட்டியை வீட்டிலிருந்து கொண்டு வருவதால், நம் பிள்ளை தனியே உணவு கொண்டு செல்வது விநோதமாகத் தெரியாது. ஆனால் சமையலில் சேரும் 'மிரின்' என்ற இனிப்பு அரிசி மது, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் ஆகியவற்றைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டோக்கியோவிலிருந்தும் கிப்லா, கொழும்பிலிருந்து போலவே, ஏறக்குறைய மேற்கு வடமேற்காகவே அமைகிறது. ஜூன் மாதத்தில் சுபஹ் நேரம் அதிகாலை மூன்று மணிக்கு முன்பே தொடங்கிவிடும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று. கோபே நகரப் பள்ளிவாசல் 1935 இலேயே திறக்கப்பட்டது. ஆகவே இஸ்லாம் அந்நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று.

எனவே தோழியரே, விண்ணப்பப் படிவம் வரும்வரை காத்திராமல் இன்றே தொடங்குவோம். அண்மையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைக்கு ஆசிரியையுடன் ஒருமுறை சென்று பார்ப்போம். கொழுந்து பறிக்கும் ஒரு தாயிடம் அவரது ஒருநாள் வேலையைக் கேட்டு எழுதுவோம். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் என்ன செய்கிறது என்று தேடி வாசிப்போம். நம்மில் ஒருத்திக்கே அப்பயணம் கிடைக்கலாம், யாருக்கும் கிடைக்காமலும் போகலாம். ஆனால் நாம் வாழும் மலையை அறிந்த அறிவு நம் எல்லோருக்கும் சொந்தமாகிவிடும்.