தொண்டர்க்குக் கைம்மாறு: பொதுநலச் சைக்கிள் பட்டறைகளைக் குறித்த ஓர் ஆராய்ச்சி

கூலி வேறு, கைம்மாறு வேறு. கூலியாவது, இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று முன்னரே பேசி முடிவு செய்து, வேலை முடிந்தபின் உரிமையாகக் கேட்டுப் பெறுவது. கைம்மாறாவது, ஒருவர் மனமுவந்து செய்த நன்மையை நினைந்து, அதனைப் பெற்றவர் தாமும் மனமுவந்து திரும்பச் செய்வது. இவ்விரண்டையும் நாம் பேச்சில் எளிதிற் பிரித்துவிடுகிறோம். ஆயின் ஒரு சங்கத்தை நடத்தப் புகுந்தவுடன் இவை ஒன்றோடொன்று கலந்து, எது எதுவென்று அறியவொண்ணாதபடி மயங்கிவிடுகின்றன. இதனை விளக்குதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல நகரங்களில் நடைபெற்றுவரும் பொதுநலச் சைக்கிள் பட்டறைகளை எடுத்துக்கொண்டு, அங்கே தொண்டர்க்கும் உறுப்பினர்க்கும் கைம்மாறு செய்யும் முறை எவ்வாறிருத்தல் தகும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பட்டறையின் இயல்பு

இப்பட்டறைகள் இலாபங் கருதி நடத்தப்படுவன அல்ல. ஊரார் தமக்கு வேண்டாத பழைய சைக்கிள்களை இங்கே கொணர்ந்து தானமாகக் கொடுப்பர். தொண்டர்கள் அவற்றுள் உதவுவனவற்றைச் செப்பனிடுவர். உதவாதனவற்றிலிருந்து செயின், பெடல், பிரேக் முதலிய உறுப்புக்களைக் கழற்றிப் பெட்டிகளில் வகைப்படுத்தி வைப்பர். செப்பனிட்ட வண்டிகள் குறைந்த விலைக்கு விற்கப்படும்; சில, வறியோர்க்கு இலவசமாகவே அளிக்கப்படும். அன்றியும், எவரும் தம் வண்டியைக் கொணர்ந்து, அதனை ஸ்டாண்டில் மாட்டிப் பட்டறைக் கருவிகளைக் கொண்டு தாமே பழுது பார்த்துக்கொள்ளலாம். அருகில் நிற்கும் தொண்டர் அவ்வேலையைச் செய்து கொடுப்பதில்லை. செய்யும் வகையைக் கற்பிப்பர்.

பாஸ்டன் நகரைச் சார்ந்து இயங்கும் ‘பைக்ஸ் நாட் பாம்ஸ்’ என்னும் சங்கம் 1984-ஆம் ஆண்டில் தோன்றியது. வெடிகுண்டு வேண்டா, சைக்கிள் வேண்டும் என்பது அப்பெயரின் கருத்து. நிகராகுவா நாட்டைக் குறித்துத் தம் அரசாங்கம் கைக்கொண்ட கொள்கையை மறுத்தவர்கள், அந்நாட்டு மக்களுக்குச் சைக்கிள்களை அனுப்பியதே இதன் தொடக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2002-ஆம் ஆண்டில் ஒரு குடியிருப்பின் சமையலறையிலே தொடங்கிய பட்டறை, ‘பைசிகிள் கிச்சன்’ என்றே பெயர் பெற்றது. அதன் தொண்டர்களும் ‘சமையற்காரர்’ என்றே அழைக்கப்படுகின்றனர். இத்தகைய பட்டறையினர் கூடிக் கலந்து பேசும் ‘பைக் பைக்’ மாநாடு 2004-ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் முதன்முதற் கூடிற்று.

இவற்றிற்கெல்லாம் வருவாய் உண்டெனினும், உண்மையான மூலதனம் பணமன்று. தொண்டர் மனமுவந்து அளிக்கும் நேரமே. அந்நேரம் குன்றுமாயின் தானமாக வந்த வண்டிகள் துருப்பிடித்துக் குவிந்து கிடக்கும், கதவும் அடைபடும். ஆதலின் தொண்டரை எவ்வாறு போற்றுவது என்னும் வினா, பட்டறையின் உயிரைப் பற்றிய வினாவேயாகும்.

உறுப்பினரும் தொண்டரும்

முதற்கண் இவ்விருவரையும் வேறு பிரித்தறிதல் வேண்டும். உறுப்பினராவார் சந்தா செலுத்திச் சில உரிமைகளைப் பெறுபவர். தொண்டராவார் தம் உழைப்பைக் கொடையாக அளிப்பவர். ஒருவரே இரண்டுமாக இருத்தல் கூடும். ஆயினும் கணக்கு இரண்டாகவே இருத்தல் வேண்டும்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தார் 28 பேர் 1844-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடையொன்று நிறுவினர். அவர்கள் கடையின் இலாபத்தை, ஒவ்வோர் உறுப்பினரும் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பப் பகிர்ந்தளித்தனர். அது வணிக சங்கத்துக்குத் தக்க முறை. ஆனால் அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின்படி தருமஸ்தாபனமாகப் பதிவு பெற்ற ஒரு பட்டறை, தன் வருவாயில் எப்பகுதியையும் தனிப்பட்டவரின் இலாபமாகப் பங்கிட்டுக் கொடுத்தலாகாது. எனவே அங்கே உறுப்பினர்க்குரிய பயன் பணமன்று. கருவிகளையும் ஸ்டாண்டையும் பயன்படுத்தும் உரிமையும், வகுப்புக்களிற் கற்கும் வாய்ப்பும், விதிகள் இடங்கொடுக்கும் பட்டறைகளில் வாக்குரிமையுமேயாம். இவ்வுரிமைகள் சுவரில் எழுதி வைக்கத்தக்கவை. எல்லார்க்கும் ஒருபடித்தாக இருக்கத்தக்கவை. இங்கே ஐயம் இல்லை. தொண்டர் திறத்திலேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது.

மணிக்கணக்கின் நன்மையும் தீமையும்

தொண்டர் உழைத்த மணிகளை ஏட்டிற் பதிந்து, மணியொன்றுக்கு இத்தனை டாலர் என்று கணக்கிட்டு, அத்தொகைக்கு வண்டியோ உறுப்புக்களோ எடுத்துக்கொள்ளவிடுவது சில பட்டறைகளிற் காணப்படும் ஒரு முறை. இதன் நன்மை வெளிப்படை. கையிற் பொருளில்லாத ஒருவர், பிச்சையாகப் பெறாமல் தம் உழைப்பாற் பெற்ற வண்டி இது என்று தலைநிமிர்ந்து ஏறிச் செல்லலாம். இந்நன்மையை நாம் சிறிதும் குறைத்துக் கூறோம்.

எனினும் தீமைகள் மூன்று உள. முதலாவது, ஏடு எல்லா உழைப்பையும் காண்பதில்லை. ஸ்பானர் பிடிப்பவரின் மணி பதிவாகும். தரையைக் கூட்டுபவர், கலந்து கிடக்கும் திருகாணிகளை வகைப்படுத்துபவர், கதவருகே நின்று புதியவரை இன்முகத்தோடு வரவேற்பவர் ஆகியோரின் மணி பெரும்பாலும் விடுபட்டுப் போகும். அமெரிக்க வழக்கறிஞராகிய எட்கர் கான் என்பவர் 1980-களில் பரப்பிய ‘நேர டாலர்’ முறையில், எத்தொழிலாயினும் ஒரு மணி ஒரு மணியே என்று சமமாக மதிக்கப்பட்டது. கணக்கு வைப்போர் அந்நெறியையாவது பின்பற்றுதல் நலம்.

இரண்டாவது, கணக்கு வந்தவுடன் ஒப்பீடும் உடன்வரும். மணிக்கு எட்டு டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை அன்பினால் உழைத்தவர், “என் உழைப்பு எட்டு டாலர்தான் பெறுமோ?” என்று எண்ணத் தலைப்படுவார். விலை கூறப்படாத கொடைக்கு மதிப்பு அளவில்லாதது. விலை கூறியபின் அது மலிந்த சரக்காகிவிடுகின்றது.

மூன்றாவதே கொடிது. ஓர் உதாரணம் கற்பித்துக் கொள்வோம். உறுதியான வண்டியொன்று தானமாக வருகின்றது. பட்டறையின் உள்ளிருக்கும் தொண்டர் அதனை முதலிற் காண்கிறார். அவர் கணக்கில் மணிகள் நிறைந்துள்ளன. அன்றே அதனை எடுத்துக்கொள்கிறார். மறுநாள், பஸ் ஓடாத நள்ளிரவில் வேலை முடிந்து வீடு திரும்பவேண்டிய ஏழைத் தொழிலாளி வந்து கேட்கும்போது, எஞ்சியிருப்பது ரிம் வளைந்த ஓட்டை வண்டி. எவருக்காகப் பட்டறை திறக்கப்பட்டதோ அவர் கடைசியில் நிற்கிறார். இங்கே தொண்டர் திருடினாரல்லர், விதியின்படியே நடந்தார். விதியே பிழைபட்டது.

அறிஞர் ஆராய்ச்சி

வெகுமதி உற்சாகத்தை வளர்க்கும் என்பது பொதுவான நம்பிக்கை. அஃது எப்போதும் உண்மையன்று என்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்னும் மூவர், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பள்ளியில் நடத்திய சோதனையை 1973-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய குழந்தைகளை மூன்று கூட்டமாக்கினர். முதற் கூட்டத்தார்க்கு, வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் அமைந்த நற்சான்றிதழ் தரப்படும் என்று முன்னரே சொல்லி, அவ்வாறே தந்தனர். இரண்டாம் கூட்டத்தார்க்கு ஒன்றுஞ் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழை அளித்தனர். மூன்றாம் கூட்டத்தார்க்கு ஒன்றுமே இல்லை. சில நாட் கழித்துப் பார்த்தபோது, வாக்குறுதி பெற்ற குழந்தைகள் மற்றவரினும் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமற் பெற்றவர்க்கோ விருப்பம் குறையவில்லை.

யூரி நீசி, ஆல்டோ ரஸ்டிச்சினி என்னும் பொருளியலறிஞர் இருவர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியும் ஈண்டு நோக்கற்பாலது. இஸ்ரேல் நாட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர் வீடுதோறும் சென்று தருமத்துக்கு நிதி திரட்டினர். ஒரு சாரார்க்கு அத்தருமத்தின் சிறப்பு மட்டும் எடுத்துரைக்கப்பட்டது. மற்றொரு சாரார்க்குத் திரட்டிய தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கும், வேறொரு சாரார்க்கு நூற்றுக்குப் பத்துப் பங்கும் ஊக்கத்தொகையாகத் தருவதாகச் சொல்லப்பட்டது. மிகுதியாகத் திரட்டியவர் ஒன்றும் பெறாதவரே. அடுத்து நின்றவர் பத்துப் பங்கினர். கடைநின்றவர் ஒரு பங்கினர். சிறு கூலி கூலியுமாகாது, தொண்டையும் கெடுக்கும் என்பது இதனால் விளங்கும்.

சட்டத்தின் நோக்கு

சட்டமும் இதே இடத்தில் வந்து நிற்பது வியப்பைத் தருகின்றது. ஆர்க்கன்சா மாகாணத்தில் டோனி, சூசன் அலமோ என்பவர் பெயரால் விளங்கிய சமய ஸ்தாபனம் ஒன்று, பெட்ரோல் நிலையம், மளிகைக் கடை, துணிக்கடை, பன்றிப் பண்ணை முதலிய தொழில்களை நடத்திற்று. அவற்றில் உழைத்தோர் சம்பளம் பெறவில்லை. உணவும் உடையும் உறையுளும் பெற்றனர். “நாங்கள் கூலியாட்களல்லோம், தொண்டரே” என்று அவர்களே நீதிமன்றத்தில் உறுதியாகக் கூறினர். எனினும் 1985-ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர்கள் அப்பயன்களை எதிர்பார்த்தே உழைத்தமையால் அவை வேறு உருவில் வந்த கூலியே என்றும், 1938-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் அவர்களைச் சாரும் என்றும் தீர்ப்பளித்தது.

மேலும், 1997-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொண்டர் பாதுகாப்புச் சட்டம், தருமஸ்தாபனத் தொண்டர் அறியாமற் செய்த சிறு பிழையால் ஒருவர்க்குத் தீங்கு நேரின், அத்தொண்டர் தம் சொந்தப் பொருளிலிருந்து ஈடு செலுத்த நேராதபடி பொதுவாகக் காக்கின்றது. பிரேக்கைப் பொருத்துகிறவர்க்கு இப்பாதுகாப்பின் அருமை சொல்லாமலே விளங்கும். ஆனால் இதற்குரியவர் ஊதியம் பெறாதவராயிருத்தல் வேண்டும். ஊதியத்துக்கு ஈடாகப் பெறும் பொருளும் ஆண்டொன்றுக்கு 500 டாலரைக் கடத்தலாகாது. மேற்கூறிய எட்டு டாலர்க் கணக்கின்படி, 63 மணி உழைத்தவர் பெறும் பொருளின் மதிப்பு 504 டாலர், எல்லை கடந்துவிடும். அது வாரம் ஒரு மணிக்குச் சிறிது மிகுதியேயன்றோ!

ஆகவே, உளநூலார் சோதனையும் நீதிபதிகளின் தீர்ப்பும் வெவ்வேறு வழியாக வந்து ‘எதிர்பார்ப்பு’ என்னும் ஒரே சொல்லிற் கூடுகின்றன. முன்னே வாக்களிக்கப்பட்டது கூலியாகின்றது. பின்னே நினைந்து அளிக்கப்படுவது நன்றியாகின்றது. வேதாகமத்திலுள்ள திராட்சத் தோட்ட உவமையையும் ஈண்டு நினைத்துப் பார்க்கலாம். காலையிலேயே கூலி பேசி அமர்ந்தவரே மாலையில் முறுமுறுத்தனர். எசமான் நியாயமானதைத் தருவான் என்று நம்பி வந்தவர் முறுமுறுத்தாரல்லர்.

செய்யத்தக்கன

இனி, தொண்டரைப் போற்றும் வழி யாது? முதலாவது, கல்வி. பஞ்சர் ஒட்டக் கற்றவர்க்குச் சக்கரத்தின் கோட்டம் எடுக்கக் கற்பித்தல் வேண்டும். அது கற்றவர்க்கு வண்டி முழுவதையும் பிரித்து ஓவராயில் செய்யக் கற்பித்தல் வேண்டும். கைத்தொழில் விரும்பி வந்தவர்க்கு மேலும் ஒரு படி தொழிலறிவைத் தருவதினும் உயர்ந்த பரிசில் இல்லை.

இரண்டாவது, நம்பிக்கை. பட்டறையின் திறவுகோலை ஒருவர் கையிற் கொடுத்து, ஒருநாள் மாலைப் பொறுப்பை அவர்க்கு விடுதல், பணத்தால் வாங்கவொண்ணாத பெருமை. ‘சமையற்காரர்’ என்பது போன்ற ஒரு பெயருங்கூட, ‘நீர் எம்மவர்’ என்று கூறும் பட்டமாகும்.

மூன்றாவது, குறிப்பிட்டுச் சொல்லும் நன்றி. “எல்லார்க்கும் வந்தனம்” என்பது எவர்க்கும் வந்தனம் ஆகாது. “சென்ற வாரம் அச்சிறுமிக்குப் பொறுமையுடன் செயின் மாட்டக் கற்பித்தீர், அவள் இன்று தன் தம்பிக்குக் கற்பிக்கிறாள்” என்று கூறுவதே நன்றி. கூட்டுபவரையும் கணக்கெழுதுபவரையும் அவ்வாறே பெயர் சொல்லிப் பாராட்டுதல் வேண்டும். வேலை முடிந்தபின் எல்லாரும் கூடி உண்ணும் உணவும், ஆண்டிலொரு முறை எதிர்பாராது அளிக்கும் சிறு கருவியும் இவ்வகையின.

நான்காவது, வண்டி வேண்டி உழைக்க வருவோர்க்குத் தனி வழி வகுத்தல். பாஸ்டன் சங்கம் இளைஞர்க்கென நடத்தும் ‘ஏர்ன் எ பைக்’ வகுப்பு இதற்கு நல்ல மாதிரி. மாணவர் ஒரு பழைய வண்டியைத் தெரிந்துகொண்டு, கற்றுக்கொண்டே அதனைச் செப்பனிட்டு, முடிவில் தமக்கே உரியதாகப் பெறுகின்றனர். அங்கே வண்டி உழைப்புக்குக் கூலியன்று, கல்வியின் பயன். இவ்வழியை வெளிப்படையாக வைத்தால், வறியவர் தம் மானங் குறையாமல் வண்டி பெறுவர். தொண்டரின் கொடையும் விலைப்படாது.

ஐந்தாவது, தானமாக வந்த நல்ல வண்டி சில நாளேனும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுதல் வேண்டும். அதன்பின் தொண்டர் ஒருவர் விரும்பின், விலையை அவரல்லாத வேறொருவர் குறித்து, ஏட்டிற் பதிந்து கொடுக்கலாம். இவ்விதி தொண்டரை ஐயுறுவதன்று. அவர் நற்பெயரைக் காப்பது.

முடிவுரை

சங்கங்களிலே தொண்டு செய்யும் மாணவராகிய நாமும் இதனை நம்மளவிற் பொருத்திப் பார்த்தல் நன்று. சான்றிதழுக்காகச் செய்யும் தொண்டு, சான்றிதழ் கைக்கு வந்த அன்றே முடிந்துவிடுகின்றது. தொழிலிற் கொண்ட விருப்பத்தாலும், பிறர் துயரிற் கொண்ட இரக்கத்தாலும் செய்வதோ ஆண்டுதோறும் வளர்கின்றது. தொண்டு செய்வோர் கூலியை நோக்காதிருத்தல் அவர் கடமை. அவரை நன்றியோடு நினைத்தல் தொண்டைப் பெறும் சங்கத்தின் கடமை. முன்னதைக் காரணங் காட்டிப் பின்னதை மறந்த சங்கம் நெடுநாள் நில்லாது.