மாலை ஐந்து மணி அறிவிப்பு எந்த நாளைப் பற்றிப் பேசியது?

போன வாரம் படிவம் 4 வகுப்பில் நோய்த்தடுப்பாற்றல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. இடுபணிக்காகக் கோவிட் வரைபடம் ஒன்றைத் தயாரித்திருந்த மாணவி அவள்.

“டீச்சர், 2022 மார்ச்சுலதான் நம்ம நாட்டுல கேஸ் ரொம்ப அதிகம். அதே மாசத்துலதான் எல்லாத்தையும் திறக்கப் போறோம்னு சொல்லியிருக்காங்க. நோய் கூடுறப்ப யாராச்சும் கதவைத் திறப்பாங்களா?”

நல்ல கேள்வி. அவள் சொன்ன தகவலும் சரி. 2022 மார்ச் 5ஆம் தேதி மலேசியாவில் 33,406 புதிய தொற்றுகள் பதிவாயின. 2021 ஆகஸ்ட் 26ஆம் தேதி நாட்டையே உலுக்கிய எண்ணிக்கை 24,599தான். அதையும் தாண்டிய மூன்றாம் நாள், மார்ச் 8ஆம் தேதி, அன்றைய பிரதமர் டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி யாக்கோப் ஏப்ரல் 1 முதல் நாடு எண்டமிக் கட்டத்துக்கு மாறுகிறது, எல்லைகள் திறக்கப்படும் என்று அறிவித்தார்.

அதிகாரிகள் கணக்குத் தெரியாமல் பேசினார்களா? இல்லை, நாம்தான் அறிவிப்பைச் சரியாக வாசிக்கவில்லையா?

மாணவர்களே, 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது உங்களில் பலர் தமிழ்ப்பள்ளியில் இருந்தீர்கள். மாலை ஐந்து மணி ஆனால் வீட்டில் தொலைக்காட்சி முன் கூட்டம் கூடியது நினைவிருக்கலாம். சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநர் டான்ஸ்ரீ டாக்டர் நூர் ஹிஷாம் அப்துல்லா வந்து அமைதியான குரலில் எண்களைச் சொல்வார். புதிய தொற்று, குணமடைந்தோர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்போர், சுவாசக் கருவி தேவைப்படுவோர், மரணம். புக்கிட் செலம்பாவில் எங்கள் தாமானில் முதல் எண் வந்ததுமே பேச்சு தொடங்கிவிடும். மற்ற நான்கையும் கேட்க ஆள் இருக்காது. என் வீட்டிலும் அதே கதைதான்.

செம்பனைக் குலையும் தொற்று எண்ணிக்கையும்

நம் பக்கத்தில் செம்பனையைப் பார்க்காத பிள்ளை இல்லை. நீளக் கம்பில் கட்டிய அரிவாளால் இன்று வெட்டி இறக்கும் குலை, ஏறக்குறைய ஐந்தாறு மாதத்துக்கு முன் மகரந்தச் சேர்க்கை நடந்த பூ. இன்று குலை குறைந்தால் நேற்று என்ன நடந்தது என்று தேடிப் பயனில்லை. பல மாதம் பின்னோக்கிப் போக வேண்டும்.

தொற்று எண்ணிக்கையும் அப்படிப்பட்ட அறுவடைதான். ஒருவர் உடலுக்குள் கிருமி நுழைகிறது. 2020இல் பரவிய வகைக்கு அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து நாள் ஆனது. இருமல் வந்த அன்றே யாரும் கிளினிக்குக்கு ஓடுவதில்லை. மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று இரண்டு நாள் போகும். பரிசோதனை முடிவு வர இன்னும் ஒன்றிரண்டு நாள். அதன் பிறகுதான் ஐந்து மணி அறிவிப்பில் அவர் ஓர் எண்ணாகச் சேர்கிறார். ஆக, இன்று நீங்கள் கேட்கும் எண்ணிக்கை ஒரு வாரம், பத்து நாளுக்கு முன் நடந்த பரவலைச் சொல்கிறது. நோய் முற்றித் தீவிர சிகிச்சைக்குப் போவது அதற்கும் பின்னால். மரணம் இன்னும் சில வாரம் பின்னால்.

“கட்டுப்பாடு போட்டு ஒரு வாரமாச்சு, எங்கே குறைஞ்சது?” என்று சாப்பாட்டுக் கடையில் சிலர் கேட்டார்களே, அதற்கு விடை இதுதான். அந்த வாரத்து எண்கள் கட்டுப்பாட்டுக்கு முன்பே விதைக்கப்பட்டவை.

பதிவு தாமதமானால் குழப்பம் கூடும். 2021 செப்டம்பர் 11ஆம் தேதி அறிவிப்பில் 592 மரணங்கள் இருந்தன. அந்த ஒரே நாளில் 592 பேர் இறந்தார்கள் என்று பொருளில்லை. முன்பே நடந்து பதிவில் பின்தங்கிய மரணங்களும் அதில் சேர்ந்திருந்தன.

நம் மாநிலத்தில் நடந்த பாடம்

காலத் தாமதத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2020 ஜூலையில் தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து திரும்பிய ஒருவர், கெடாவின் வடக்கே நாப்போவில் நாசி கண்டார் கடை நடத்திவந்தார். நாடு திரும்பியபோது செய்த பரிசோதனையில் தொற்று இல்லை என்றுதான் முடிவு வந்தது. ஆனாலும் 14 நாள் வீட்டிலேயே தனிமையில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அவர் இருக்கவில்லை. வெளியே போனார், கடைக்கும் போனார். மாத இறுதியில் செய்த மறு பரிசோதனையில் தொற்று உறுதியானது. குடும்பம், ஊழியர், வாடிக்கையாளர் என்று பரவி, ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் அந்தத் தொற்றுத் திரளில் 45 பேர். கூபாங் பாசு மாவட்டத்தின் சில பகுதிகளில் கட்டுப்பாடு இறுக்கப்பட்டது. ஆகஸ்ட் 13ஆம் தேதி அலோர் ஸ்டார் நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 வெள்ளி அபராதமும் விதித்தது.

தண்டனையைப் பற்றி நிறையப் பேசினோம். அறிவியலைப் பற்றிப் பேசவில்லை. “தொற்று இல்லை என்று முடிவு வந்தவருக்கு எப்படித் தொற்று வந்தது? பரிசோதனை தவறா?” என்று பலர் கேட்டார்கள்.

பரிசோதனை தேடுவது கிருமியின் மரபுப்பொருளை. அது மூக்கிலும் தொண்டையிலும் போதிய அளவு பெருகியிருந்தால்தான் பஞ்சுக்குச்சியில் சிக்கும். 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முன்பு செய்யப்பட்ட ஏழு ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. தொற்றிய முதல் நாளில் பி.சி.ஆர். பரிசோதனை செய்தால் தொற்றியவர் அனைவருக்கும் ‘இல்லை’ என்றே வரும். நான்காம் நாளில் 100 பேரில் 67 பேருக்கு அப்படித் தவறாக வரும். அறிகுறி தொடங்கும் ஐந்தாம் நாளில் 38 பேருக்கு. எட்டாம் நாளில்தான் அது 20 ஆகக் குறைகிறது.

அதாவது, விமான நிலையத்தில் எடுத்த பரிசோதனை பொய் சொல்லவில்லை. அது அந்த வேளைக்கு மட்டுமே பதில் சொன்னது. ‘இல்லை’ என்பதற்கு ‘இப்போது கண்ணில் படவில்லை’ என்று பொருள் கொள்ளுங்கள்.

14 நாள் என்ற கணக்கும் வானத்திலிருந்து விழவில்லை. அறிகுறி காட்டப் போகிறவர்களில் ஏறக்குறைய 97.5 விழுக்காட்டினருக்குப் பதினொன்றரை நாளுக்குள் அறிகுறி வந்துவிடும் என்று அப்போதைய கணக்கு காட்டியது. அதற்கு மேல் சிறிது இடம் விட்டால் 14. நாப்போ சம்பவம் வெளிவருவதற்குச் சற்று முன், ஜூலை 24 முதல், வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் வீட்டில் அல்ல, அரசு குறிக்கும் மையத்தில்தான் தங்க வேண்டும் என்று விதி மாறியது. இந்தக் கடைக்காரர் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகர மனமில்லை. அந்தத் திரளுக்குச் ‘சிவகங்கா’ என்று பெயர் வைத்தார்கள். தொற்று எங்கிருந்து வந்தது என்று தேடுவோருக்கு ஊர்ப்பெயர் வசதி, வேறு நோக்கம் இல்லை. ஆனால் சிவகங்கை எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத நம் பிள்ளைகளும் அந்த மாதங்களில் கிண்டலுக்கு ஆளானார்கள். நோய்களுக்கு ஊர், நாடு, மக்கள் பெயர் வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015லேயே கேட்டுக்கொண்டிருந்தது. 2021 மே 31ஆம் தேதி அது உருமாறிய வகைகளுக்கு ஆல்ஃபா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகளைச் சூட்டியதற்கும் இதுவே காரணம்.

‘பத்து மடங்கு’ என்றால் என்ன?

2020 ஆகஸ்ட் 16ஆம் தேதி டாக்டர் நூர் ஹிஷாம் இன்னொரு செய்தி சொன்னார். அந்த 45 பேரில் மூவரிடம் டி614ஜி என்ற மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது, அது பத்து மடங்கு எளிதில் தொற்றக்கூடியது என்பதே செய்தி. மறுநாள் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை.

பெயரை முதலில் பிரிப்போம். கிருமியின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதம், அமினோ அமிலங்களைக் கோத்த நீண்ட மாலை. அதில் 614ஆவது மணி அஸ்பார்டிக் அமிலமாக இருந்தது கிளைசினாக மாறியிருந்தது. ஒரே ஒரு மணிதான். அந்த வகை நாப்போவில் பிறந்ததுமில்லை. அதற்குள் உலகின் பெரும்பகுதியில் அதுவே ஆதிக்க வகையாகிவிட்டிருந்தது.

பத்து மடங்கு? ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த உயிரணுக்களுக்குள் நுழையும் திறனை அளந்தபோது அந்த அளவுக்கு நெருங்கிய எண்கள் கிடைத்தது உண்மை. ஆனால் தட்டில் உள்ள உயிரணு முகக்கவசம் அணியாது, கை கழுவாது, ஒரு மீட்டர் தள்ளி நிற்காது. மனிதர்களிடையே அந்த வகை முந்தையதைவிட வேகமாகப் பரவியது, ஆனால் பத்து மடங்கு வேகத்தில் அல்ல. தடுப்பூசி பலிக்காமல் போகலாம் என்ற அச்சமும் பின்னர் நீங்கியது. தலைமை இயக்குநர் அன்று கையில் இருந்த ஆய்வை வைத்து எச்சரித்தார். எச்சரித்ததில் பிழையில்லை என்பது என் கருத்து. ‘எதை அளந்தபோது பத்து மடங்கு?’ என்று கேட்காமல் நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியதுதான் பிழை.

ஒன்றுக்கு மேலா, கீழா?

அறிவிப்புகளில் அடிக்கடி வந்த இன்னொரு எண், ஆர் மதிப்பு. தொற்றிய ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்பதே அது. 1.1க்கும் 0.9க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் தோன்றும். கணிப்பானை எடுங்கள். 1,000 பேரில் தொடங்கி 1.1ஆல் ஏழு முறை பெருக்கினால் 1,949. அதே 1,000ஐ 0.9ஆல் ஏழு முறை பெருக்கினால் 478. ஒரு சுற்றுக்கு ஐந்து நாள் என்று வைத்தால் ஐந்தே வாரம். ஒன்று இரட்டிப்பாகிறது, மற்றது பாதிக்கும் கீழே போகிறது.

வகுத்துப் பார்த்தால்தான் தெரியும்

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம்.

2021 ஜூன் 15ஆம் தேதி அறிவிக்கப்பட்ட தேசிய மீட்சித் திட்டத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்குப் போகச் சராசரி தினசரித் தொற்று 4,000க்குக் கீழே வர வேண்டும். மூன்றாவதுக்கு 2,000, நான்காவதுக்கு 500. அதோடு தீவிர சிகிச்சைப் படுக்கைகளின் நிலை, இரண்டு தடுப்பூசியும் போட்டவர்களின் விழுக்காடு (10, 40, 60) ஆகியவையும் பார்க்கப்படும். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட்டில், தினசரித் தொற்று என்ற அளவுகோலின் இடத்தில், நோய் முற்றி மருத்துவமனையில் சேருவோர் எண்ணிக்கையை வைத்தார்கள்.

ஏன்? நோயாளிகள் ஐந்து பிரிவாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். அறிகுறி இல்லாதவர் பிரிவு 1. அறிகுறி உண்டு, நுரையீரல் அழற்சி இல்லை என்றால் பிரிவு 2. அழற்சி வந்தால் 3, பிராணவாயு தேவைப்பட்டால் 4, சுவாசக் கருவி வரை போனால் 5. சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில் அந்த ஆகஸ்ட்டில் படுக்கை நெருக்கடி வந்ததே, அதற்குக் காரணம் பிரிவு 1, 2 அல்ல. மற்ற மூன்றும்தான்.

2022 மார்ச்சுக்குள் நம் நாட்டுப் பெரியவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இரண்டு தடுப்பூசி போட்டிருந்தனர். பரவிக்கொண்டிருந்த ஓமிக்ரான் வகையும் டெல்டாவைவிடக் குறைவாகவே நுரையீரலைத் தாக்கியது. தொற்றியவர்களில் மிகப் பெரும்பாலோர் முதல் இரண்டு பிரிவிலேயே நின்றுவிட்டனர். 2021 ஆகஸ்ட்டில் ஒரு நாளில் 200க்கு மேல் மரணம் என்பது வழக்கமாகியிருந்தது. 2022 மார்ச்சில் தொற்று அதைவிட அதிகம், மரணமோ அதில் பாதிக்கும் குறைவு. முதல் எண்ணை மட்டும் கேட்டவருக்கு ஆபத்து கூடியது போல் தெரிந்தது. ஐந்தையும் கேட்டவருக்கு வேறு படம் தெரிந்தது.

எண்டமிக் என்றால் நோய் ஒழிந்தது என்று பொருளில்லை. டிங்கிக் காய்ச்சல் நம் நாட்டில் எண்டமிக்தான். இன்றும் ஆள் சாகிறார்கள், இன்றும் புகை அடிக்க வருகிறார்கள். கோவிட் தொடர்பான உலகளாவிய அவசர நிலையை உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதிதான் விலக்கியது.

அந்த நாள்களில் “மருத்துவமனையில் இருப்பவர்களில் ஊசி போட்டவர்கள்தான் அதிகம், ஊசியால் என்ன பயன்?” என்ற பேச்சும் சுற்றியது. ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். மக்கள் 1,000. ஊசி போட்டவர் 900, போடாதவர் 100. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஊசி போட்டவர் 9 பேர், போடாதவர் 5 பேர். 9 பெரிய எண்தான். வகுத்துப் பாருங்கள். போட்டவர்களில் நூற்றுக்கு 1, போடாதவர்களில் நூற்றுக்கு 5.

செய்து பாருங்கள்

சுகாதார அமைச்சு 2021 ஜூலை முதல் கோவிட் தரவுகளை கிட்ஹப் தளத்தில் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறது. மாநில வாரியாக உள்ள கோப்பில் கெடாவை மட்டும் பிரித்தெடுங்கள். 2021 ஜூன் முதல் 2022 ஏப்ரல் வரை புதிய தொற்றுக்கு ஒரு கோடு, மரணத்துக்கு ஒரு கோடு வரையுங்கள். நாளுக்கு நாள் எண்கள் குதிக்கும் என்பதால் ஏழு நாள் சராசரியைப் பயன்படுத்துங்கள். தொற்றின் உச்சிக்கும் மரணத்தின் உச்சிக்கும் இடையே எத்தனை நாள் வருகிறது என்று எண்ணுங்கள். மரணத்தை இறந்த தேதிப்படி ஒருமுறையும், அறிவித்த தேதிப்படி ஒருமுறையும் வரைந்தால் இரண்டு கோடுகளும் ஒன்றாகப் போகாது. எங்கே பிரிகின்றன, ஏன் என்று நோட்டில் எழுதி உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.